குளிர்ச்சியான பகுதியில் நடந்த கூட்டம்

1

குடிநீர் இணைப்பில் பெயர் மாற்றுவதற்காக மாநகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்த நாட்களில் இந்தக் கதை என் தலையில் விழுந்தது. ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. எனக்குக் கதைகள் பெரும்பாலும் வேறு வேலையாகப் போன இடத்தில்தான் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நான் காத்திருந்த பெஞ்சுக்கு எதிர்ச்சுவரில் காஞ்சிபுரத்தின் வரைபடம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். தலைப்பில் 'நிலப்பரப்பின் வெப்பம்' என்று இருந்தது. ஊர் முழுக்கச் சிவப்பு. பஸ் ஸ்டாண்டும் பட்டுக் கடைகள் வரிசைகட்டிய காந்தி ரோடும் கருஞ்சிவப்பு. புதிதாக மனை போட்ட ஓரங்கள் ஆரஞ்சு. மேற்கே, தாமல் போகிற வழியில், கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு நீலத் திட்டு.

அந்த நீலத்தில் நான் மயங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வரியை எழுதினேன்:

"ஊரே வெந்துகொண்டிருக்க, வெயிலுக்கு இன்னும் வழி தெரியாத தோப்பு ஒன்று மேற்கே இருந்தது. அங்கே மயில்கள் —"

மயில்களோடு நிறுத்திக்கொண்டேன். எதற்கும் ஒரு முறை பார்த்துவிட்டு வந்து எழுதலாம் என்று மறுநாள் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். தோப்பும் இல்லை, மயிலும் இல்லை. தகரக் கூரை போட்ட வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. போன புயலில் பழைய கூரைகள் பறந்த பிறகு போட்ட புதுத் தகரம். பார்க்கவே கண் கூசியது. காலனியின் முனையில், சாலையோரமாக, ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரம். குடையை விரித்துப் பிடித்தாற்போல நல்ல அகலம். அதன் அடிமரத்தில் சிவப்புப் பெயின்டில் எண் போட்டிருந்தார்கள். எண் போட்ட மரத்துக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும்.

2

[கதை மட்டும் வேண்டுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். தாண்டிவிட்டுப் பின்னால் வந்து என்னிடம் விளக்கம் கேட்கக் கூடாது.]

டிவியில் சொல்கிற வெயில் காற்றின் சூடு. அதை அளக்கிற கருவியை நிழலான பெட்டிக்குள் வைத்துத்தான் அளக்கிறார்கள். கருவிக்குக் கூட நிழல் கொடுக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலத்தின் சூடு வேறு சங்கதி. மத்தியான வேளையில் வெறுங்காலோடு கோயில் பிரகாரத்தில் ஓடியவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. தார், சிமென்ட், பேவர் கல் எல்லாம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் கக்கும். மரம் அப்படியில்லை. வேரால் இழுத்த தண்ணீரை இலை வழியாக வெளியே விட்டு, தன்னையும் தன் கீழே இருப்பவர்களையும் ஆற்றிவைக்கும். ஏரிக்கரை மனையாகி, மனை வீடாகி, வீட்டைச் சுற்றி மண்ணே தெரியாமல் கல்லையும் பதித்துவிட்டால், செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்து அந்த இடத்துக்குச் சிவப்பு போடுகிறது. இதுவரைக்கும் அது சொல்வது சரி.

பளபளக்கும் தகரத்திடம் மட்டும் அது ஏமாந்துபோகிறது. புதுத் தகரம் தன் சூட்டை மேலே காட்டிக்கொள்ளாது. தொட்டால் கை வெந்துவிடும், வீட்டுக்குள் இருப்பவர்கள் துடித்துப்போவார்கள், ஆனால் வானத்திலிருந்து பார்ப்பவனுக்குக் குளிர்ந்த இடமாகத் தெரியும்.* நான் மயங்கிய நீலம் அதுதான்.

* இங்கே ஓர் உவமை வந்தது. விருந்தாளி முன்னால் சிரித்துக்கொண்டே சண்டை போடுகிற கணவன் மனைவியைப் பற்றியது. அடித்துவிட்டேன். தகரம் தகரமாகவே இருக்கட்டும்.

3

இனி ஜோதிகா. முதலில் இவளை இருபது வயதுக் கல்லூரி மாணவியாக்கி, கையில் ஒரு செடியையும் கொடுத்திருந்தேன். படித்துப் பார்த்தேன். அரசு விளம்பரம் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

இப்போதிருக்கிற ஜோதிகாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வரைபடக் கம்பெனியில் ஒப்பந்த வேலை. செயற்கைக்கோள் அனுப்புகிற எண்களுக்கு நிறம் பூசுவது அவள் பிரிவு. காலையில் கம்பெனி வேனில் போய், ஏசி ஹாலில் உட்கார்ந்து, ஊர் ஊராகச் சூட்டுக்குச் சிவப்பும் குளிர்ச்சிக்கு நீலமும் ஏற்றிவிட்டு, வேனில் திரும்பி வந்து தகரக் கூரைக்குள் படுப்பாள்.

காஞ்சிபுரமும் ஒரு நாள் அவள் மேசைக்கு வந்தது. தன் காலனி நீலமாக விழுந்ததைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. எழுந்து போய் டீம் லீடரிடம் சொன்னாள்.

"மேடம், இது எங்க ஏரியா. ஷீட்டு பளபளன்னு இருக்குது, அதான் சேட்டிலைட்டு ஏமாந்துடுச்சு. மத்தியானத்துல உள்ள வந்து நின்னு பாருங்க, வெந்துடுவீங்க."

"தெரியும் ஜோதிகா. கீழ ஒரு நோட் போட்டுடலாம்."

போட்டார்கள். எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி, அதுவும் ஆங்கிலத்தில். மாநகராட்சிச் சுவரில் மாட்டியபோது கண்ணாடிச் சட்டத்தின் கட்டை அந்த வரியை மூடிவிட்டது.

அந்தத் தூங்குமூஞ்சியின் கிளைகள் முனை வீடுகள் நாலைந்தின்மேல் விரிந்திருந்தன. அவற்றில் ஒன்று ஜோதிகாவுடையது. கிளைக்கு வெளியே இருக்கிற வீட்டுக்காரர்கள் சித்திரை, வைகாசியில் பகலில் வீட்டுக்குள் இருப்பதில்லை. விடிவதற்குள் சமையலை முடித்துவிட்டு, கைக்குழந்தை முதல் கிழடு கட்டைகள் வரை எல்லோரும் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். ஜோதிகாவின் அம்மா சம்பூர்ணத்துக்கு வேலையே அங்கேதான். தறியில் ஏறப்போகிற பட்டு நூலை, பாவு என்பார்கள், மரத்தின் கீழ் இரண்டு முனையிலும் இழுத்துக்கட்டி, சிக்கெடுத்து, அறுந்த இழையை முடிந்து, சீராக்கிக் கொடுக்கிற கூலி வேலை. வெயில் பட்டால் பட்டு மொரமொரத்து அறுந்துபோகும். நெசவாளிகள் நாலு தெரு தாண்டி இந்த மரத்துக்குப் பாவைத் தூக்கிக்கொண்டு வருவது அதனால்தான்.

மரம் போனால் சம்பூர்ணத்துக்கு வேலை போகும். ஆனால் ஜோதிகாவின் பயம் அதைவிடப் பெரியது. போன வைகாசியில், கிளைக்கு வெளியே இருந்த வீட்டில், பெரியநாயகி அக்கா காய்ச்சலென்று மரத்தடிக்கு வராமல் உள்ளேயே படுத்துவிட்டாள். மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. மாரடைப்பு என்று எழுதினார்கள். வெயில் என்று யாரும் எழுதவில்லை. மரத்தை எடுத்துவிட்டால் அடுத்து எந்த வீடு என்பதுதான் ஜோதிகாவின் கேள்வி. அம்மாவுக்கும் ரத்தக்கொதிப்பு இருக்கிறது.

[இந்த இடத்தில் அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அவள் பாட்டுக்கு எழுந்துபோய்த் துணி துவைக்க ஆரம்பித்துவிட்டாள். சரி என்று விட்டுவிட்டேன்.]

4

சாலையை அகலமாக்கும் திட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தது. வரைபடத்தில் சிவப்பாக இருக்கிற இடத்தில் மரம் வெட்டக் கூடாது. நீலமாக இருக்கிற இடத்தில் வெட்டலாம், அங்கேதான் ஏற்கெனவே குளிர்ச்சியாக இருக்கிறதே.

ஜோதிகா கம்பெனியிலிருந்து வெப்பம் அளக்கிற துப்பாக்கியைக் கேட்டு வாங்கினாள். கொரோனா காலத்தில் கடைவாசலில் நம் நெற்றிக்கு நீட்டினார்களே, அந்த ரகம்தான். மாநகராட்சி உதவிப் பொறியாளரை நச்சரித்து ஒரு மத்தியானம் காலனிக்கு வரவழைத்தாள். ஏணி வைத்து ஏறி, தகரத்தை நோக்கிச் சுட்டாள். முப்பத்து மூன்று காட்டியது. அதே தகரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, கொஞ்சம் பொறுத்து, டேப்பின் மேல் சுட்டாள். அறுபத்தொன்று.

"பாத்தீங்களா சார்? ஒரே ஷீட்டுதான். டேப்பு ஒட்டி பளபளப்ப மறைச்சாதான் உண்மைய சொல்லுது."

இங்கேதான் கதை என்னை ஏமாற்றப் பார்த்தது. நான் எழுதியது இப்படி:

"பொறியாளரின் கண்கள் விரிந்தன. இத்தனை நாள் படித்த படிப்பெல்லாம் இந்தப் பெண்ணின் ஒரு துண்டு டேப்புக்கு முன்னால் —"

போதும். இந்த மாதிரிக் கதைகளை நானே நிறையப் படித்துத் தொலைத்திருக்கிறேன். பொறியாளரின் கண்கள் விரியவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் தெரியும்மா. நானும் படிச்சவன்தான். ஆனா மேப் அப்ரூவ் ஆயிடுச்சு. அதுல நீலம்னா நீலம்தான், நான் ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த வாரம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு. அங்க வந்து சொல்லுங்க, பதிவு பண்ணிக்கிறோம்."

பதிவு பண்ணிக்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்தக் காலனியில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும்.

5

முனிசாமி தண்ணீர் கேன் போடுகிறவர். யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதல் ஆளாக நிற்பார். அன்று சாயங்காலமே அவர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்.

"இத்துக்குப் போய் ஏணி வெச்சி ஏறிக்கினு, எறங்கிக்கினு! ஒரு மஞ்சத் துணி, நாலு எலுமிச்சம்பழம், ஒரு சூலம். வெள்ளிக்கெழம நட்டுட்டா முடிஞ்சுது. அம்மன் குந்திக்கினு இருக்குற மரத்துல எவன் கத்தி வெப்பான், சொல்லு?"

எல்லோரும் தலையாட்டினார்கள். சம்பூர்ணமும் ஆட்டினாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள், ஆடி மாதம் அம்மனுக்குக் கூழும் ஊற்றுகிறவள். அவளுக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை.

"நெழல் நின்னா போதும்மா. சாமி பேர சொன்னா இன்னா கொறஞ்சிடப் போவுது?"

"கொறையும்மா. நெழலு தான் கொறையும்," என்றாள் ஜோதிகா. "மெயின் ரோட்டு அரசமரத்தப் பாரு."

அந்த மரத்தையும் ஒரு சாலை வேலையின்போது மஞ்சள் துணி கட்டித்தான் காப்பாற்றினார்கள். முதலில் மரத்தைச் சுற்றிச் சிமென்ட் மேடை வந்தது. மேடைக்கு டைல்ஸ் வந்தது. டைல்ஸ் நனையாமலிருக்க ஷெட் வந்தது. ஷெட்டுக்கு இடைஞ்சலென்று பெரிய கிளைகள் இரண்டு போயின. கடைசியில் கம்பிக் கதவும் பூட்டும். மரம் உயிரோடுதான் இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்தான் பூட்டுக்கு வெளியே காய்கிறார்கள். பூட்டு வருவதற்கு முன்னால், பள்ளிக்கூடம் போகிற வயதில் ஜோதிகா ஒரு நாள் அந்த மேடையில் உட்கார்ந்துவிட்டாள். "எந்தத் தெருப் பொண்ணு நீ?" என்று கேட்டார்கள். தெருவைச் சொன்னாள். எழுப்பி அனுப்பிவிட்டார்கள்.

"சாமி இருக்குதுன்னா வுடுவாங்க. மனுசன் வேவுறான்னா வுட மாட்டாங்களா?" அவள் குரல் ஏறிவிட்டது. "அப்டிப்பட்டவங்க கிட்ட பொய் சொல்லி நெழலு வாங்கணுமா நாம? நாளைக்கு அதுக்கும் பூட்டு போடுவாங்க. சாவி எவன் கையில இருக்கும், சொல்லு முனிசாமிண்ணா. உன் கையிலயா இருக்கும்?"

முனிசாமிக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்ப மரம் போவட்டுங்குறியா?"

"போவக் கூடாது. மரமாவே இருக்கணும்."

6

இங்கே எனக்கும் அவளுக்கும் சண்டை. எனக்கு முனிசாமியின் யோசனை பிடித்துப்போயிருந்தது. ஊர் காஞ்சிபுரம், மஞ்சள் துணி, சூலம். வாசகருக்கும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருக்கும். அவளைக் கேட்காமலே எழுதிப் பார்த்தேன்:

"வெள்ளிக்கிழமை காலை. மஞ்சள் துணி காற்றில் படபடத்தது. மரம் வெட்ட வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சம்பூர்ணத்தின் கண்களில் —"

மரம் நின்றால் சரி, எப்படி நின்றால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவளிடம் அதைத்தான் கேட்டேன். எழுதியதைத் திரும்பப் படித்தேன். அந்தப் பக்கம் முழுக்கத் தேடியும் ஒருவர்கூட 'வேகிறது' என்று சொல்லவில்லை. பெரியநாயகி அக்கா அதில் செத்திருக்கவேயில்லை. வெட்ட வந்தவர்கள் துணிக்குப் பயந்தார்கள், எலுமிச்சம்பழத்துக்குப் பயந்தார்கள். அந்தக் காலனியில் வாழ்கிறவர்களுக்காக ஒரே ஒரு இலைகூட அங்கே நிற்கவில்லை. எனக்கே ஆத்திரமாக வந்தது. அழித்துவிட்டேன். மேலே ஒரு துண்டை மட்டும் நீங்கள் பார்க்க விட்டிருக்கிறேன்.

7

கருத்துக் கேட்புக் கூட்டத்தை எங்கே போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதே மரத்தடியில்.

[இது நடந்ததா, நான் இட்டுக்கட்டியதா என்று கேட்காதீர்கள். சித்திரை மாதத்தில், உச்சி வெயிலில், அந்தக் காலனியில் ஒரு கூட்டம் போடச் சொன்னால் நீங்கள் மட்டும் வேறெங்கே போடுவீர்கள்?]

ஷாமியானாகூட வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். மரம்தான் இருக்கிறதே. வெட்டப்போகிற மரத்தின் கீழே மேசை போட்டு, துணி விரித்து, தண்ணீர் பாட்டில் வைத்து, வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஸ்பீக்கரை அடிமரத்தில், எண்ணுக்குச் சற்று மேலே கட்டியிருந்தார்கள்.

ஜீப் வருவதற்குள் ஜோதிகா முதல் நாற்காலியைத் தூக்கினாள். நிழலைத் தாண்டி, சாலையோரம் புதிதாகப் பேவர் கல் பதித்திருந்த இடத்தில், சுள்ளென்ற வெயிலில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து இன்னொன்றைத் தூக்கினாள்.

"இன்னாடி பண்ணிக்கினு இருக்கே?" என்றாள் சம்பூர்ணம்.

"மரம்தான் இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்களேம்மா. இல்லாத மரத்துக்குக் கீழ எப்டி உக்கார்றது?"

சம்பூர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு நாற்காலிகளை ஒன்றாகத் தூக்கினாள். அப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. முனிசாமி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேதான் மேசையின் ஒரு முனையைப் பிடித்தார், ஆனால் பிடித்தார். துணி, தண்ணீர் பாட்டில், மைக் எல்லாம் வெயிலுக்குப் போயின. பெரியவர்கள், பிள்ளை சுமக்கிறவர்கள் மட்டும் நிழலிலேயே இருக்கட்டும் என்று ஜோதிகா சொல்லிப் பார்த்தாள். அவர்களும் கேட்கவில்லை. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பொறியாளர் ஜீப்பிலிருந்து இறங்கியபோது மரத்தடியில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

"என்னம்மா இது? வெயில்ல போய்..."

"மேப்புல நீலம்தானே சார். ஜில்லுனு இருக்கும். உக்காருங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பொறியாளர் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று மறுபடி உட்கார்ந்தார். சுட்ட மைக்கைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

"சரி, யார் முதல்ல கருத்து சொல்றீங்க?"

"யாரும் சொல்ல மாட்டோம் சார்," என்றாள் ஜோதிகா. "நீங்க எழுதுங்க. இந்த எடம் குளிர்ச்சியான எடம்னு உங்க கையால எழுதி, இங்கயே உக்காந்து கையெழுத்து போடுங்க. போட்டுட்டீங்கன்னா மரத்த வெட்டிக்கினு போங்க. நாங்க ஒருத்தரும் குறுக்க வர மாட்டோம்."

"இங்க பாருங்க ஜோதிகா, இது என் கையில இல்ல..."

"பேனா உங்க கையிலதான சார் இருக்குது."

அவர் மரத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் அவருக்கு வேறொரு பக்கம் கை காட்டினாள்.

"அதோ, பூட்டியிருக்குதே, அது பெரியநாயகி அக்கா வீடு. மேப்புல அதுவும் நீலம்தான் சார்."

பொறியாளரின் நெற்றி வியர்வை காகிதத்தில் சொட்டியது. பேனா மூடியைக் கழற்றினார்.

8

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். திங்கட்கிழமை ரம்பம் வருகிறது. நீங்கள் பெருமூச்சு விட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள்.

அவர் போடவில்லை. 'மறு ஆய்வு தேவை' என்று எழுதிவிட்டு ஜீப்பில் ஏறுகிறார். காலனி கைதட்டுகிறது. அடுத்த மாதம் வேறொருவர் வருகிறார், ஷாமியானாவோடு.

அவர் ஒன்றும் எழுதாமல் நாற்காலியை இழுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விடுகிறார். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. ஆனால் ஜோதிகா என்ன சொல்வாள் என்று தெரியும். "நெழலுக்கு ஓடுனது பதில் இல்ல சார், எழுத்துல குடுங்க."

மூன்றையும் எடுத்துவிட்டேன். மூன்றிலும் அவர் ஏதோ செய்கிறார், இவர்கள் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். நான் முற்றுப்புள்ளி வைத்தால் கூட்டம் கலைந்துவிடும். பொறியாளர் காரியம் முடிந்ததென்று கிளம்பிவிடுவார், நீங்களும் கிளம்பிவிடுவீர்கள். அந்தச் சௌகரியத்தை நான் யாருக்கும் செய்து தர மாட்டேன். திறந்த பேனாவோடு அவர் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஜோதிகா, பக்கத்தில் அவள் அம்மா, முனிசாமி, காலனி மொத்தமும். கல் காய்கிறது. அவர்கள் எழுந்திருக்கப்போவதில்லை.

முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மரத்தை வெட்டுங்கள், நிறுத்துங்கள், உங்கள் இஷ்டம், நான் குறுக்கே வரமாட்டேன். ஒரே ஒரு நிபந்தனைதான். நிழலில் உட்கார்ந்து எழுதக் கூடாது.